ஒரு வரியை விட்டுவிட்டான் என் மகன்: வாசகர் கேள்வியும் வழக்கறிஞர் பதிலும்

நான்கு பக்கக் கடிதம். எழுதியவர் குடியாத்தம் வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த தந்தை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மகனுக்குப் பதின்மூன்று வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு. குரல் கணீரென்று இருக்கும் என்பதால், திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் முன்னால் நின்று உறுதிமொழி சொல்வது போன வருடத்திலிருந்தே அவன்தான். அவன் ஒரு வரி சொல்ல, பள்ளி முழுவதும் திருப்பிச் சொல்லும். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை "இந்தியா எனது நாடு" என்று சொன்னவன், கொஞ்சம் நின்று, நேராக "என் நாட்டை நான் பெரிதும் நேசிக்கிறேன்" என்று போய்விட்டான். நடுவில் வரவேண்டிய "இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்" வரவில்லை. பாதிப் பிள்ளைகள் பழக்கத்தில் அந்த வரியைச் சொல்ல, மீதிப் பேர் அவனோடு போக, ஒரே குழப்பம். மறதி என்று விட்டுவிட்டார்கள். அடுத்த திங்களும் அதே வரியை விட்டான். ஏன் என்று பி.இ.டி. சார் கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் காலையில் கொடிமரத்தடியில் முட்டி போட வைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் தந்தையை வரவழைத்து, "என் மகன் தேசியக் கொடியையும் உறுதிமொழியையும் அவமதித்துவிட்டான். இனி நடந்தால் டி.சி. பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஊரில் ஒருவர், "இது தேசத்துரோகம், மூன்று வருஷம் உள்ளே போகணும்" என்கிறார். சென்னையில் படிக்கும் அண்ணன் மகன், "அதெல்லாம் எழுந்து நிற்கவே தேவையில்லை சித்தப்பா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டாங்க" என்கிறான். பையனுக்கு ராணுவத்தில் சேர ஆசை. போலீஸ் விசாரணையில் இது வந்து நிற்குமோ என்ற பயத்தில் தந்தைக்குத் தூக்கமில்லை. கோபத்தில் மகனை அடித்தும் விட்டார். ஆகஸ்ட் 15 அன்று அவனைப் பள்ளிக்கு அனுப்பலாமா, வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி.

கையெழுத்துக்கு மேலே, இடம் போதாமல் நெருக்கி எழுதிய நான்கு வரி இருக்கிறது. அதை அப்படியே தருகிறேன்: "இதற்கு இரண்டு வாரம் முன்பு தண்ணீர்க் குழாயில் வாய் வைக்காதே என்று மூன்று பையன்கள் ஜாதிப் பேர் சொல்லித் திட்டினார்களாம். கிளாஸ் டீச்சரிடம் சொன்னதற்குப் பெருசு பண்ணாதே என்றாராம். அம்மாவிடம் மட்டும், பொய் சொல்லக்கூடாதுன்னு சார்தானே சொன்னாரு, நான் எப்படிம்மா அந்த வரியைச் சொல்றது என்று கேட்டானாம். இது சம்பந்தமில்லை என்றாலும் எழுதுகிறேன்."

அன்புள்ள நண்பருக்கு,

சம்பந்தமில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கொடி விஷயம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

உங்கள் மகன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வழக்கும் இல்லை, ஜெயிலும் இல்லை. இன்று இரவு தூங்குங்கள்.

கொடி வேறு, கீதம் வேறு, உறுதிமொழி வேறு

ஊர்க்காரர் சொன்ன மூன்று வருஷம் காற்றில் வந்த கணக்கு அல்ல. தேசியச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டம் என்று 1971-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் கொடியை எரிப்பது, கிழிப்பது, காலில் போட்டு மிதிப்பது, அரசியல் சாசனத்தை அதேபோல அவமதிப்பது, தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பது அல்லது பாடும் கூட்டத்தில் கலாட்டா செய்வது ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டு வரை தண்டனை. அந்தச் சட்டத்தில் உறுதிமொழி என்ற வார்த்தையே கிடையாது. அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவில் அடிப்படைக் கடமைகள் வரும், 1976-ல் சேர்த்தது. அங்கேயும் கொடியையும் கீதத்தையும் மதிக்கச் சொல்லியிருக்கிறது. உறுதிமொழி இல்லை.

காலையில் சொல்லும் இந்த உறுதிமொழி 1962-ல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்பவர் தெலுங்கில் எழுதியது. அப்போது அவர் விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரி. நாடு முழுவதும் பள்ளிகளில் சொல்ல ஆரம்பித்தது 1965 ஜனவரி 26-லிருந்து. கருவூலத்தில் உட்கார்ந்து எழுதியதுபோல இல்லை, நல்ல வரிகள். என் பிள்ளைகளும் சொல்லி வளர்ந்ததுதான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது சட்டமல்ல. சொல்லாமல் விட்டால் தண்டனை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஒரு சின்ன வேடிக்கை. 2002-ல் வந்த இந்தியக் கொடி நெறிமுறையில், பள்ளியில் கொடியேற்றும்போது பிள்ளைகள் மூன்று பக்கமும் நின்று, நான்காவது பக்கம் கொடிமரம் இருக்கவேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. கொடிக்கென்று தனியாக ஒரு வரியில் உறுதிமொழியும் அதில் உண்டு. அதை எப்படிச் சொல்லவேண்டும் தெரியுமா? கை கூப்பிக்கொண்டு. நம் பள்ளிகளிலோ வலது கையை நீட்டச் சொல்வார்கள். வாலாஜாவில் நான் படித்தபோது, கை வலித்தால் முன்னால் நிற்பவன் தோளில் விரல் நுனியை நைசாக வைத்துக்கொள்வேன். அதற்கு ஒரு நாள் பிரம்படி வாங்கினேன். நெறிமுறைப்படி பார்த்தால் அடித்தவர் பக்கமும் தப்பு இருந்தது என்பது வக்கீலான பிறகுதான் தெரிந்தது.

நெறிமுறையில் எங்கேயும் கொடிமரத்தடியில் ஒரு பிள்ளையை முட்டி போட வைக்கச் சொல்லவில்லை.

அண்ணன் மகன் சொன்ன தீர்ப்பு

உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியிருப்பது உண்மை. எழுந்து நிற்கவே வேண்டாம் என்று சொன்னதாக அவன் புரிந்துகொண்டதுதான் தவறு.

கேரளத்தில் 1985-ல் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். கடவுளைத் தவிர வேறு யாரையும் போற்றிப் பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அதைச் சொல்வோம். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் தீர்ப்புச் சொன்னார்கள். பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்வித் துறையின் சுற்றறிக்கை சட்டமாகாது. எழுந்து நின்று மரியாதை காட்டியவர்கள் வாயைத் திறக்கவில்லை என்பதற்காக அவர்களை நீக்கியது பேச்சுரிமைக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கும் விரோதம். இதுதான் தீர்ப்பின் சாரம். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கவனியுங்கள், அந்தப் பிள்ளைகள் நின்றார்கள். வழக்கு ஜெயித்தது அந்த நிற்றலில்தான்.

சினிமா தியேட்டர் வழக்கையும் உங்கள் அண்ணன் மகன் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம். 2016 நவம்பரில் தியேட்டரில் கீதம் போடுவதைக் கட்டாயமாக்கிய நீதிமன்றம், 2018 ஜனவரியில் அதை விருப்பத்துக்கு விட்டது. போடுவதுதான் விருப்பம். போட்டால் எழுந்து நிற்கத்தான் வேண்டும். அண்ணன் மகனிடம் சொல்லிவிடுங்கள், அவன் பேச்சைக் கேட்டு உங்கள் மகன் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் கையில் இருக்கும் நல்ல நியாயமும் போய்விடும்.

அப்புறம் ஒன்று. கேரள வழக்கு மத நம்பிக்கை சம்பந்தப்பட்டது. உங்கள் மகன் அந்த வரியைச் சொல்லாதது மதத்தால் அல்ல, மனம் புண்பட்டதால். அதனால் தீர்ப்பின் மதச் சுதந்திரப் பாதி நமக்கு உதவாது. பேச்சுரிமைப் பாதி உதவும். பேசும் உரிமை என்றால் பேசாமல் இருக்கும் உரிமையும் அதில் அடக்கம், அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், தலைமையாசிரியரின் கோபம் போதாது. இந்தப் பாதியை வைத்து என்னால் வாதாட முடியும். வழக்கு வரை போகவேண்டிய விஷயமில்லை என்பது வேறு.

வேலூர்க்காரன் எவனும் இந்தப் பேச்சு வந்தால் கோட்டையை இழுக்காமல் விடமாட்டான், நானும் இழுத்துவிடுகிறேன். 1806-ல் இங்கே சிப்பாய்களைத் தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை போடச் சொன்னார்கள், நெற்றிக்குறியையும் காதணியையும் எடுக்கச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையில் என்ன நடந்தது என்பது மக்கான் பக்கம் நிற்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பார்த்தாலே ஞாபகம் வரும். தலைமையாசிரியரைக் கம்பெனித் துரையோடு ஒப்பிடவில்லை. பயமுறுத்தி வாங்கும் மரியாதை எத்தனை நாள் தாங்கும் என்று இந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவர் யோசிக்காமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பள்ளி சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு

இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வரிசையில் நின்றுகொண்டு ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பது வேறு. முன்னால் நின்று சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு அந்த வரியை எல்லோருக்கும் இல்லாமல் செய்வது வேறு. சொல்ல விரும்பும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது. அதனால், "நீ முன்னால் நிற்க வேண்டாம், வேறொருவர் சொல்லட்டும்" என்று பள்ளி முடிவு செய்தால் அதில் தப்பில்லை, அது தண்டனையும் ஆகாது. பையனே போய், "சார், எனக்கு இப்போ முன்னாடி நிக்க முடியாது, வேற யாரையாவது விடுங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். பதின்மூன்று வயதில் அதெல்லாம் தோன்றாது. நமக்கே தோன்றாது.

முட்டி போட வைத்தது மட்டும் எந்த நியாயத்திலும் சேராது. 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. மீறினால் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை. நீங்கள் வீட்டில் அடித்தீர்களே, அதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் அவன் கணக்கில், பள்ளியிலும் தண்டனை, வீட்டிலும் தண்டனை, திட்டின மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. அந்தக் கணக்கை நீங்கள்தான் முதலில் நேராக்க வேண்டும்.

டி.சி.யும் நீங்கள் எழுதிக்கொடுத்த தாளும்

அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது. 2019-ல் அந்தப் பிரிவைத் திருத்தியது தேர்ச்சி சம்பந்தமாக. வெளியேற்றத் தடை அப்படியே இருக்கிறது. நீங்கள் "டி.சி. பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக்கொடுத்திருந்தாலும், சட்டம் உங்கள் மகனுக்குக் கொடுத்த உரிமையை உங்கள் கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது. டி.சி. கேட்டு நீங்களாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்" என்று பின்னால் சொல்வதற்குத்தான் அந்தத் தாள் பயன்படும்.

இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலூர்ப் பக்கம் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பள்ளி அந்த வகை இல்லை, இருந்தாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வருகிற ஜூனில் அவன் ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் 16-ஆவது பிரிவின் பாதுகாப்பு முடிந்துவிடும். அதனால் இதை இழுத்துக்கொண்டு போகாமல் இந்த மாதமே எழுத்தில் சரி செய்துவிடுங்கள்.

எழுதிக்கொடுத்த தாளைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். இன்னொரு தாள் கொடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, இன்ன தேதியில் தாங்கள் கேட்டதன்பேரில் நான் கொடுத்த கடிதத்தில் என் மகன் தேசியக் கொடியை அவமதித்ததாக உள்ளது. அது உண்மையல்ல. அவன் கொடிக்கு வணக்கம் செலுத்தினான், கீதம் பாடினான். உறுதிமொழியில் ஒரு வரியைச் சொல்லவில்லை. அதற்குக் காரணம், இன்ன தேதியில் பள்ளித் தண்ணீர்க் குழாய் அருகே அவனுக்கு நேர்ந்த சாதி அவமதிப்பு. அதை அவன் வகுப்பாசிரியரிடம் அன்றே தெரிவித்தும் நடவடிக்கை இல்லை. என் முந்தைய கடிதத்தை இதன்படி திருத்திப் படிக்கவும், குழாய் சம்பவத்தை விசாரிக்கவும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நேரில் பேசுவது நல்லதுதான், ஆனால் பேசியது காற்றோடு போகும்.

ராணுவக் கனவு

ராணுவத்திலோ போலீஸிலோ சேரும்போது பார்ப்பது வழக்கு இருக்கிறதா, தண்டனை இருக்கிறதா என்பதை. பள்ளியில் திட்டு வாங்கியது எந்த ஏட்டிலும் வராது. ஒருவேளை யாராவது வம்புக்குப் புகார் கொடுத்தாலும், மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள எதுவும் சிறுவர் விஷயத்தில் சிறு குற்றம்தான், அதற்கு எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது என்பது விதி. பதினெட்டு வயதுக்குள் நடந்த எதனாலும் பின்னாளில் தகுதியிழப்பு வராமல் பார்த்துக்கொள்ள 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தில் 24-ஆவது பிரிவு இருக்கிறது. மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு; இது அந்தப் பக்கமே போகாது.

நீங்கள் பயப்பட வேண்டியது டி.சி.யில் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்துக்கு: மாணவரின் நடத்தை. அதில் "நன்று" என்று எழுதியிருக்கிறதா என்று, எப்போது டி.சி. வாங்கினாலும் அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வேறு ஏதாவது எழுதியிருந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் உடனே மனு கொடுங்கள். கம்மவான்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள். அவர்களில் யாரையாவது கேளுங்கள், பள்ளியில் முட்டி போடாமல் வந்தவர் எத்தனை பேர் என்று.

தண்ணீர்க் குழாய்

உங்கள் கடிதத்தின் நான்கு பக்கத்தில் நான்கு வரி. நான் எழுதியிருந்தால் திருப்பிப் போட்டிருப்பேன்.

வீட்டில் மகனின் பாடப் புத்தகத்தை எடுத்து முதல் சில பக்கங்களைப் புரட்டுங்கள். "தீண்டாமை மனித நேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்" என்று அச்சடித்திருக்கும். உறுதிமொழியைப் பள்ளி மைக் வைத்துச் சொல்ல வைக்கிறது. இந்த வரியை ஒரு பிள்ளை வந்து ஞாபகப்படுத்தினால் "பெருசு பண்ணாதே" என்கிறது. திட்டிய மூன்று பையன்களும் அன்று காலை, எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்வேன் என்று கையை நீட்டிச் சொன்னவர்கள்தான். அவர்களை யாரும் முட்டி போடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல. சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பட்டியல் சாதியினரைப் பலர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும், பொதுக் குழாயில் தண்ணீர் எடுக்க விடாமல் தடுப்பதும் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். போலீஸில் புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. திட்டியவர்களும் சிறுவர்கள் என்பதால் அவர்கள் விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

கொடுக்கலாமா என்று கேட்டால், என் கருத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. முதலில் பள்ளியை அதன் வேலையைச் செய்ய வையுங்கள். தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று மகனை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பையன் தயங்கினால் அம்மா கேட்கட்டும், அவரிடம்தானே மனதைத் திறந்தான். அந்த மூன்று பையன்களின் பெற்றோரை வரவழைத்துப் பேசவும், குழாயில் எல்லோரும் ஒரே மாதிரி தண்ணீர் குடிப்பதைக் கண்காணிக்கவும் எழுத்தில் கேளுங்கள். பதினைந்து நாள் பாருங்கள். நடக்கவில்லை என்றாலோ, மறுபடி நடந்தாலோ, யாராவது மிரட்டினாலோ, ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், காவல் நிலையம் போங்கள்.

மிரட்டல் என்று நான் சொல்வது சும்மா இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் சாதித் தொல்லை பற்றிச் சொன்ன மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. உங்கள் ஊரில் அப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. வகுப்பாசிரியர் "பெருசு பண்ணாதே" என்றது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன்.

ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேச வரலாம். வந்தால் டீ கொடுங்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

யாரிடம் போவது

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று எழுதியிருந்தீர்கள். பட்டியல் சாதியினருக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. குடியாத்தம் நீதிமன்றத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வேலூர் வரை வரமுடிந்தால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு. ஆட்சியர் அலுவலகமும் பக்கத்திலேயே இருப்பதால், திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் வந்தால் ஒரே பஸ் செலவில் இரண்டு வேலை முடியும். போனில் என்றால் பள்ளிக் கல்விக்கு 14417, பிள்ளைகள் பாதுகாப்புக்கு 1098, சட்ட உதவிக்கு 15100. பள்ளியில் "மாணவர் மனசு" பெட்டி இருந்தால் பையன் தானே எழுதிப் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நான் சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு, தலைமையாசிரியரை ஒருமுறை தனியாகப் பாருங்கள். கூட யாரையும் அழைத்துப் போகாமல், உங்கள் மனைவியோடு மட்டும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த தலைமையாசிரியர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை; பேப்பரில் பேர் வந்துவிடுமோ என்று பயந்தவர்கள். பையன் அம்மாவிடம் கேட்டானே, அந்தக் கேள்வியை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். குழாய்க் கதை அவர் காதுக்கு வந்திருக்காமலும் இருக்கலாம். கையெழுத்து வாங்கிய அன்று நீங்களும் சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 15

அனுப்புங்கள். கட்டாயம் அனுப்புங்கள். வீட்டில் உட்கார வைத்தால், தப்பு செய்தவன் என்று நீங்களே சொன்னதுபோல ஆகிவிடும். அந்தக் கொடியில் மற்ற பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு அவனுக்கும் உண்டு. 1947-ல் செங்கோட்டையில் ஏறிய கொடி குடியாத்தம் தறியில் நெய்ததுதான் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, அதையும் அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வரிசையில் நிற்கட்டும், கொடிக்கு வணக்கம் வைக்கட்டும், ஐம்பத்திரண்டு வினாடி கீதத்தை அந்த நல்ல குரலில் பாடட்டும். உறுதிமொழியில் அந்த ஒரு வரி வரும்போது அவனுக்குச் சொல்லத் தோன்றினால் சொல்லட்டும், தோன்றாவிட்டால் நேராக நின்று சும்மா இருக்கட்டும். இதில் நீங்களும் நானும் அவனுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். முந்தின நாள் இரவு, அடித்ததற்கு வருத்தம் என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். காலையில் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக் கொடுத்து, முடிந்தால் உங்கள் ஆட்டோவிலேயே கொண்டுபோய் விடுங்கள். கொடியேற்றிய பிறகு மிட்டாய் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வரட்டும்.